குகை ஓவியங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆதிமனிதர் வரைந்த குகை ஓவியங்களைத் திரையில் காட்டிப் பேசுவது எனக்குப் பல வருடப் பழக்கம். எதிரே இருப்பது பள்ளிப் பிள்ளைகளோ ஓய்வு பெற்றவர்களோ, கடைசியில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

குகை ஓவியம், பாறை ஓவியம்னு ரெண்டு மாதிரி சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானா?

பாறைமேல் வரைந்தது எதுவானாலும் பாறை ஓவியம். அதில் ஒரு வகைதான் குகை ஓவியம்: பகல் வெளிச்சம் எட்டாத ஆழத்தில், மலையின் வயிற்றுக்குள் வரைந்தது. பிரான்சில் இருக்கும் லாஸ்கோ, ஷோவே, ஸ்பெயினில் இருக்கும் அல்தமீரா எல்லாம் இந்த வகை. மழைக்கு ஒதுங்கும்படி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் அடியில் வரைந்தவையும் உலகெங்கும் ஏராளம். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா அப்படிப்பட்ட இடம். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் குகை ஓவியம் என்று சொல்லிவிடுகிறோம், அதில் தவறில்லை. ஆனால் ஒன்று வெளிச்சத்தில் வரைந்தது, மற்றது இருட்டில் வரைந்தது என்ற வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு அது தேவைப்படும்.

உலகத்திலேயே ரொம்பப் பழைய ஓவியம் எது?

எதை ஓவியம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடையாளம் தெரிகிற ஓர் உருவத்தைக் கேட்டால், இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் லியாங் கரம்புவாங் என்ற குகையில் ஒரு காட்டுப்பன்றி இருக்கிறது. வாய் சற்றே திறந்திருக்கிறது. அதைச் சுற்றி மனிதர் போன்ற மூன்று சிறு உருவங்கள். குறைந்தது 51,200 ஆண்டுகள் பழையது என்று 2024-ல் அறிவித்தார்கள். அதே தீவில் லியாங் தெடோங்கே குகையில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இன்னொரு பன்றி, குறைந்தது 45,500 ஆண்டு வயதோடு இருக்கிறது.

‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். செய்திகளில் முதலில் காணாமல் போவது அந்தச் சொல்தான். அது ஏன் வருகிறது என்பது அடுத்த பதிலில்.

இத்தனை ஆயிரம் வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? யாராவது தேதி எழுதி வெச்சாங்களா?

கரியால் வரைந்திருந்தால் வேலை சற்று எளிது. கரி ஒரு காலத்தில் மரமாக இருந்தது. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும். அதில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகையும் மிகச் சிறிய அளவில் உண்டு. மரம் செத்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். ஏறக்குறைய 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் மரம் செத்த காலம் தெரிந்துவிடும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. இன்னொரு சிக்கலும் உண்டு: இந்த முறை சொல்வது மரத்தின் வயதை. பழைய கரித்துண்டைக் கையில் எடுத்து ஒருவர் பிற்காலத்தில் வரைந்திருந்தாலும் அது பழைய வயதைத்தான் காட்டும்.

சிவப்பு நிறம் இரும்பு ஆக்ஸைடு. அதில் கார்பனே இல்லை. அப்போது ஓவியத்தை விட்டுவிட்டு, அதன்மேல் படிந்த சுண்ணாம்பு ஏட்டைப் பார்க்கிறார்கள். குகைச் சுவரில் கசியும் நீர் மெல்லிய சுண்ணாம்புப் படலத்தை விட்டுச் செல்லும். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே புதிதாகப் படிந்த ஏட்டில் யுரேனியம் இருக்கும், தோரியம் அநேகமாக இருக்காது. காலம் போகப்போக யுரேனியம் சிதைந்து தோரியம் சேரும். அந்த விகிதம்தான் கடிகாரம். ஏடு படிந்த காலம் அப்படிக் கிடைக்கிறது. அடியில் இருக்கும் ஓவியம் அதைவிடப் பழையது, எவ்வளவு பழையது என்று அது சொல்லாது. ‘குறைந்தது’ வருவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் இதைவிட அழகான வழி ஒன்றைப் பிடித்தார்கள். ஒரு கங்காருவின் ஓவியத்துக்கு அடியிலும் மேலும் குளவிகள் மண்கூடு கட்டியிருந்தன. கூட்டு மண்ணில் இருந்த கரித்துகள்களின் வயதை அளந்தார்கள். அடியில் இருந்த கூடு ஓவியத்தைவிடப் பழையது, மேலே இருந்தது புதியது. இரண்டுக்கும் நடுவில் வைத்து, கங்காருவுக்கு ஏறக்குறைய 17,300 வயது என்று 2021-ல் அறிவித்தார்கள்.

என்ன பெயின்ட்ல வரைஞ்சாங்க? இவ்வளவு நாள் எப்படி அழியாம இருக்கு?

சிவப்புக்குக் காவிக்கல், மஞ்சளுக்கு மஞ்சள் காவி, கறுப்புக்கு அடுப்புக்கரி அல்லது மாங்கனீசு தாது, வெள்ளை வேண்டிய இடங்களில் வெள்ளைக் களிமண். அவ்வளவுதான். பச்சையும் நீலமும் அநேகமாகக் கிடையாது. இவை இலைச்சாறோ பூச்சாறோ அல்ல, கல்லும் மண்ணும். அதனால் வெளுப்பதற்கு ஒன்றுமில்லை. இரும்பு ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்த நிலையில் இருப்பதுதான் காவி. அதற்கு மேல் அது எங்கே போகும்!

இடமும் உதவியது. ஆழ்குகையில் வெப்பம் கோடைக்கும் குளிருக்கும் அநேகமாக மாறாது, வெயில் இல்லை, மழை இல்லை. ஷோவே குகையின் வாய் சுமார் 21,500 ஆண்டுகளுக்கு முன் பாறை சரிந்து மூடிக்கொண்டது. 1994 டிசம்பரில் ஷான்-மரி ஷோவேயும் இரு நண்பர்களும் ஒரு சிறு பிளவு வழியாக நுழையும்வரை உள்ளே மனிதக் காலடி படவில்லை. திறந்த வெளியில் வரைந்தவை எத்தனை அழிந்தனவோ. நாம் பார்ப்பது வரைந்தவற்றை அல்ல, தப்பித்தவற்றை. இதைப் பின்னால் மறுபடி சொல்வேன்.

குகைக்குள்ள கும்மிருட்டு ஆச்சே, கண்ணு தெரியாம எப்படி வரைஞ்சாங்க?

விளக்கு வைத்திருந்தார்கள். குழிந்த கல்லில் விலங்குக் கொழுப்பை இட்டு, தாவரத் திரி போட்டு எரித்தார்கள். அகல்விளக்கேதான், எண்ணெய்க்குப் பதில் கொழுப்பு. பெரும்பாலானவை சாதாரணக் கல். லாஸ்கோவில் கிடைத்த ஒன்று மட்டும் கரண்டி வடிவில், சிவப்பு மணற்கல்லில், கைப்பிடியோடு நேர்த்தியாக இழைத்தது. தீப்பந்தமும் உண்டு. ஷோவே சுவர்களில் பந்தத்தின் கரியை உதிர்க்கத் தேய்த்த கறுப்புத் தடங்கள் இன்னும் இருக்கின்றன.

இந்த வெளிச்சத்தை மறந்துவிட்டு ஓவியத்தைப் பார்த்தால் பாதிதான் பார்க்கிறோம். நமக்குக் கிடைக்கும் படங்களெல்லாம் சீரான மின்விளக்கில் எடுத்தவை. அங்கே இருந்ததோ ஆடும் சுடர், ஒரு கை அகலத்துக்குச் சிறிய வெளிச்ச வட்டம். சுவரின் மேடு பள்ளங்கள் அதில் அசையும். அல்தமீராவில் விதானத்துப் பாறையின் புடைப்புகள் பலவற்றைக் காட்டெருமைகளின் உடலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷோவேயில் ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால்கள். சுடர் ஆடினால் அது ஓடும் என்று நான் நம்புகிறேன்.

சுவத்துல கை மட்டும் தெரியுதே, அது எப்படிச் செஞ்சாங்க?

இரண்டு வகை. உள்ளங்கையில் வண்ணம் பூசிச் சுவரில் பதிப்பது ஒன்று. அதைவிட அதிகம் காணப்படுவது மற்றது: வெறும் கையைச் சுவரில் வைத்து, சுற்றிலும் வண்ணத்தை ஊதிவிட்டு, கையை எடுப்பது. கை இருந்த இடம் வெறுமையாகவும் சுற்றுப்புறம் சிவப்பாகவும் நிற்கும்.

ஒருமுறை நானே செய்து பார்த்தேன். காவிக்கல்லை இன்னொரு கல்லில் உரைத்து மாவாக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிடைத்தது இரண்டு கரண்டி. வாயில் சிறிது நீரோடு அதைக் குதப்பியபோது முதலில் மண் வாசனை, பிறகு நாக்கு வறண்டு, பல்லெல்லாம் நறநறவென்றது. இடது கையை ஒரு கற்பலகைமேல் அழுத்தி, உதட்டைக் குவித்து ‘ப்பூ’ ‘ப்பூ’ என்று சிறு சிறு தூறலாக ஊதினேன். ஒரே மூச்சில் ஊதினால் வழிந்து கெட்டுவிடுகிறது. ஒரு கைக்கு எத்தனை முறை வாயை நிரப்பினேன் என்று எண்ணவில்லை, தாடை வலித்தது நினைவிருக்கிறது. கையை எடுத்தபோது அந்த வெள்ளைக் கையைப் பார்த்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்போது மட்டும் வாயில் போட வேண்டாம், குழலால் ஊதுங்கள். மாங்கனீசுக் கறுப்பு உடலுக்குக் கேடு.

பிரான்சின் பெஷ் மெர்ல் குகையின் புள்ளிக் குதிரைகளை மிஷேல் லோர்ப்லான்ஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இப்படியே வாயால் துப்பி மறுபடி வரைந்து காட்டினார். இடையிடையே கையையே தடுப்பாக வைத்துக் கூர்மையான விளிம்பு கொண்டுவந்தார்.

சில கையில விரல் பாதியாவே இருக்கே, வெட்டிட்டாங்களா?

பிரான்சின் கார்காஸ் குகையில் இருநூறுக்கும் மேற்பட்ட கைகள். அவற்றில் ஏறக்குறைய பாதியில் விரல்கள் குட்டையாகத் தெரிகின்றன. கடுங்குளிரில் விரல் அழுகி விழுந்தது என்றார்கள் சிலர். சடங்குக்காக வெட்டினார்கள் என்றார்கள் சிலர். மடக்கி வைத்து ஊதினார்கள், அது ஒருவகை சைகை என்றார்கள் மற்றவர்கள். என் சாய்வு மடக்கியதன் பக்கம். கட்டைவிரல் எப்போதும் முழுதாக இருக்கிறது, மற்ற விரல்களில் சில சேர்க்கைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. விபத்து இப்படி ஒழுங்காக நடக்காது. ஆனால் வாதம் இன்னும் முடியவில்லை.

வரைஞ்சது ஆம்பளைங்கதானே? வேட்டைக்குப் போனவங்க அவங்கதானே?

அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. 2013-ல் டீன் ஸ்னோ என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் பிரான்ஸ், ஸ்பெயின் குகைகளில் 32 கைகளை எடுத்து, விரல் நீளங்களின் விகிதத்தை அளந்தார். 24 கைகள் பெண்களுடையவை என்பது அவர் முடிவு. இளம் பையன்களின் கையும் பெண்களின் கையும் அளவில் குழம்பும் என்று மறுப்பு வந்தது. அது நியாயமான மறுப்பு. பெண்கள் அங்கே இருந்ததை அது இல்லையென்று ஆக்கவில்லை.

குழந்தைகளும் இருந்தார்கள். பிரான்சின் ரூஃபின்யாக் குகையில் மென்மையான சுவரிலும் விதானத்திலும் விரல்களை இழுத்த தடங்கள் உண்டு. லெஸ்லி வான் கெல்டரும் கெவின் ஷார்ப்பும் அந்த விரல் அகலங்களை அளந்தபோது, அதிகம் இழுத்தது சுமார் ஐந்து வயதுச் சிறுமி என்று கண்டார்கள். சில தடங்கள் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. யாரோ தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

அவங்க அந்தக் குகையிலதான் குடியிருந்தாங்களா?

ஓவியம் இருக்கும் ஆழத்தில் இல்லை. அங்கே புகை வெளியேறாது, ஈரம், இருட்டு. குடியிருந்தது குகை வாயிலும் பாறை ஒதுங்கிடத்திலும் கூடாரத்திலும். ஷோவேயில் உள்ளே குடியிருந்தவை குகைக்கரடிகள். ஒரு பாறைமேல் யாரோ ஒரு கரடி மண்டையோட்டை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது இன்றும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு அழகா இருக்கே, இது போலியா இருக்க வாய்ப்பு இல்லையா?

இதே சந்தேகம் ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தது. 1879-ல் மார்செலினோ சான்ஸ் தே சாவ்துவோலா என்ற தொல்லியல் ஆர்வலர் அல்தமீரா குகைத் தரையில் கற்கருவிகளைத் தேடிக் குனிந்திருந்தார். கூட வந்த சிறுமகள் மரியா நிமிர்ந்து பார்த்து, மேலே மாடுகள் இருப்பதாகச் சொன்னாள். அவர் அடுத்த ஆண்டே ஆய்வை வெளியிட்டார். அறிஞர் உலகம் நம்பவில்லை. கற்கால மனிதனுக்கு இவ்வளவு கை வராது, யாரையோ வைத்து வரைந்திருக்கிறார் என்றார்கள். 1888-ல் அவர் அந்தப் பழியோடேயே இறந்தார். 1901-ல் பிரான்சில் கோம்பாரெல், ஃபோன்-த-கோம் குகைகளில் ஓவியங்கள் தெரியவந்த பிறகுதான் மனம் மாறினார்கள். முன்னணியில் நின்று மறுத்த எமில் கார்த்தையாக் 1902-ல் தன் தவறை வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார்.

இன்று சந்தேகத்துக்கு இடமில்லாததற்குக் காரணம் அழகு அல்ல. ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு ஏடு படிந்திருப்பது, கரியின் வயது, மண்ணுக்கடியில் புதைந்த தடயங்கள். ஆனாலும் அந்த அறிஞர்கள் செய்த பிழையை நாமும் செய்கிறோம்: ‘அவர்களால் முடியாது’ என்பதிலிருந்து தொடங்குகிறோம். அடுத்த கேள்வியே அதற்குச் சாட்சி.

முதல்ல கிறுக்கல், அப்புறம் சுமாரான படம், அப்புறம் நல்ல ஓவியம்னு படிப்படியாத்தானே கலை வளர்ந்திருக்கும்?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அபே ப்ரொய், லெருவா-கூரான் போன்ற பெரிய ஆய்வாளர்கள் ஓவியப் பாணிகளைக் கால வரிசையில் அடுக்கியதே அந்த அடிப்படையில்தான். ஷோவே வந்து அதைக் கலைத்துப் போட்டது. அங்குள்ள பழைய ஓவியங்களுக்கு ஏறக்குறைய 36,000 வயது. லாஸ்கோவுக்கு நெடுநாளாகச் சொல்லப்படும் வயது சுமார் 17,000. அதாவது லாஸ்கோவுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைவிட ஷோவேக்கும் லாஸ்கோவுக்கும் உள்ள தூரம் அதிகம். ஆனால் ஷோவே கொஞ்சமும் தாழ்ந்ததல்ல. வரைவதற்கு முன் சுவரைச் சுரண்டி வெளுப்பாக்கியிருக்கிறார்கள். கரியை விரலால் தேய்த்துக் குதிரையின் கன்னத்துக்கு நிழல் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு குதிரைத் தலைகள், ஒவ்வொன்றுக்கும் தனி முகபாவம்.

அந்தக் கோடுகளில் அழித்துத் திருத்திய தடம் குறைவு. கைப்பழக்கம் இல்லாமல் இது வராது. எங்கே பழகினார்கள்? மணலில், தோலில், மரப்பட்டையில் பழகியிருக்கலாம். அவை எதுவும் மிஞ்சவில்லை. மேலே சொன்னேன் அல்லவா, நாம் பார்ப்பது தப்பித்தவற்றை மட்டும். இந்த ஓவியர்களின் மூளையும் கையும் நம்முடையவையேதான். அவர்களை ஒரு வளர்ச்சியின் முதல் படியில் நிறுத்துவதை விட்டுவிட்டால் பல குழப்பங்கள் தீரும்.

ஏன் எப்பப் பார்த்தாலும் மிருகம்? மனுஷனை வரையத் தெரியாதா?

தெரியும். ஐரோப்பியக் குகைகளில் மனித உருவம் அரிது, வந்தாலும் பெரும்பாலும் அரைகுறை. லாஸ்கோவின் ஆழ்குழியில் பறவைத் தலையோடு குச்சிபோல ஒரு மனிதன் சாய்ந்திருக்கிறான். எதிரே குடல் சரிந்த காட்டெருமை உயிரோடு நிற்பது போல நிற்கிறது. ஒரே சுவர், இரண்டு விதமான கவனம். அங்கே மனிதனைச் சுருக்கியது தேர்வு, இயலாமை அல்ல.

மற்ற இடங்களில் நிலைமை வேறு. பீம்பேட்காவில் ஆடுபவர்களும் வேட்டையாடுபவர்களும் குதிரைமேல் போகிறவர்களுமாக மனிதக் கூட்டமே இருக்கிறது, பல காலத்து ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. கூடவே இன்னொன்று: இயற்கைக் காட்சி எங்கும் அநேகமாக இல்லை. தரைக்கோடு இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. விலங்குகள் வெற்றுவெளியில் மிதக்கின்றன.

வேட்டை பலிக்கணும்னு போட்ட மந்திரம்னு படிச்சேன். சரிதானே?

அது அபே ப்ரொய் பரப்பிய பழைய விளக்கம். கேட்க நன்றாக இருக்கும், எலும்புகள் ஒத்துழைப்பதில்லை. லாஸ்கோவில் கிடைத்த உணவெலும்புகளில் மிகப் பெரும்பாலானவை ரெயின்டீர் எனப்படும் பனிமானுடையவை. சுவரிலோ நூற்றுக்கணக்கான குதிரைகளும் காட்டுமாடுகளும். பனிமானாகத் தேறுவது ஒன்றே ஒன்று. ஷோவேயில் சிங்கமும் காண்டாமிருகமும் மம்மூத் என்ற மயிரடர்ந்த பழங்கால யானையும் கரடியும் நிறைந்திருக்கின்றன. இவை அன்றாடச் சாப்பாடு அல்ல. ஈட்டி தைத்ததுபோல் வரைந்த விலங்குகளும் சிறுபான்மைதான்.

அப்புறம் லெருவா-கூரான் வந்து, குதிரையும் காட்டெருமையும் ஆண், பெண் என்ற இரு தத்துவங்களாக இணைந்து வருகின்றன, குகை முழுவதும் ஒரு திட்டம் என்றார். 1990-களில் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸும் ஷான் க்ளோத்தும் இவை ஆவியுலகைக் கண்ட சாமியாடிகளின் தரிசனங்கள் என்றார்கள். தென்னாப்பிரிக்க சான் மக்களிடம் பெற்ற தகவல்கள் அதற்கு அடிப்படை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பொருத்தம் உண்டு, எதுவும் எல்லாக் குகைக்கும் பொருந்தாது. முப்பதாயிரம் ஆண்டு, மூன்று நான்கு கண்டங்கள். அத்தனை பேரும் ஒரே காரணத்துக்காக வரைந்தார்கள் என்று எதிர்பார்ப்பதே தவறு. எதைக்கொண்டு, எப்படி, எப்போது வரைந்தார்கள் என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. ஏன் என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் போய்விட்டார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. பெஷ் மெர்லின் புள்ளிக் குதிரைகளையும் தரிசனம், கற்பனை என்றே பலர் சொல்லி வந்தார்கள். 2011-ல் பழங்குதிரை எலும்புகளின் மரபணுவைப் பார்த்தபோது, அப்படிப் புள்ளி போட்ட குதிரைகள் அந்தக் காலத்தில் உண்மையாகவே இருந்தது தெரிந்தது. கண்ணால் கண்டதையும் வரைந்திருக்கிறார்கள்.

கலை ஐரோப்பாவுலதான் பிறந்ததுன்னு எங்க பாடத்துல இருந்துச்சே?

முதலில் தேடியது அங்கே, அதனால் முதலில் பேசப்பட்டதும் அங்கே. அதிலும் ஒரு திருத்தம்: அல்தமீராவுக்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1867-68 வாக்கில், ஆர்ச்சிபால்ட் கார்லைல் என்பவர் மிர்சாபூர் பக்கம் விந்திய மலைப் பாறைகளில் ஓவியங்களைக் கண்டு, அவை மிகப் பழையவை என்று குறித்து வைத்திருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. பீம்பேட்காவை வி. எஸ். வாகண்கர் கண்டது 1957-ல்.

சுலவேசியில் ஒரு கை அச்சுக்குக் குறைந்தது 39,900 வயது என்று 2014-ல் வெளியானபோதே ‘ஐரோப்பாதான் முதல்’ என்ற பேச்சு முடிந்துவிட்டது. இரண்டாவது பதிலில் சொன்ன பன்றி அதை இன்னும் பின்னால் தள்ளியது.

நியாண்டர்தால் மனிதர்களும் வரைஞ்சாங்களாமே?

2018-ல் ஸ்பெயினின் மூன்று குகைகளில் உள்ள சிவப்புக் குறிகளுக்கு மேல் படிந்த ஏட்டை அளந்து, குறைந்தது 64,800 ஆண்டு என்று ஒரு குழு வெளியிட்டது. நம் இனத்தவர் ஐரோப்பாவில் நிலைகொள்வதற்கு வெகு முன்பு அது. அப்படியானால் வரைந்தவர்கள் நியாண்டர்தால்கள், அங்கே நமக்கு முன்பே வாழ்ந்து மறைந்த வேறொரு மனித இனம். மற்றொரு தரப்பு, ஏட்டிலிருந்து யுரேனியம் நீரில் கரைந்து வெளியேறியிருந்தால் வயது கூடுதலாகக் காட்டும் என்றது. தோரியக் கடிகாரத்தின் பலவீனம் அதுதான்.

ஓவியம் ஒருபுறம் இருக்கட்டும். பிரான்சின் ப்ரூனிக்கெல் குகையில், வாயிலிருந்து 336 மீட்டர் உள்ளே, குகைத் தரையில் வளரும் சுண்ணாம்புத் தண்டுகளை ஒடித்து வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். வயது சுமார் 1,76,500 ஆண்டு. அப்போது அங்கே நியாண்டர்தால்களைத் தவிர யாரும் இல்லை. தீயைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் அவ்வளவு தூரம் போய், வயிற்றுப்பாட்டுக்கு உதவாத ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். ‘முரட்டு மனிதன்’ என்ற பழைய படத்தை இதற்குப் பிறகும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்போ கலையோட ஆரம்பம்னு எதைத்தான் சொல்றது?

ஒரு நாளைச் சுட்ட முடியாது. பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் சுமார் 73,000 ஆண்டுக்கு முன் ஒருவர் காவிக்கல்லைப் பென்சில்போல் பிடித்து ஒரு சில்லில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருக்கிறார். அதே குகையில் 1,00,000 ஆண்டுக்கு முன் காவி அரைத்துக் குழைத்து வைத்த சிப்பிக் கிண்ணங்கள் இரண்டு கிடைத்தன. துளையிட்ட சிப்பி மணிகள் ஆப்பிரிக்காவில் அதைவிடவும் பழையவை. ஜாவாவின் டிரினிலில் கிடைத்த ஒரு சிப்பியில் நெளிகோடு கீறியிருக்கிறது. அதற்கு 4,00,000 ஆண்டுக்கு மேல். கீறியது ஹோமோ எரெக்டஸ், நம் இனமே அல்ல.

அந்த நெளிகோடு கலையா, சும்மா இருந்த கை செய்த வேலையா? சொல்ல முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது மணி. ஒரு சிப்பியைத் துளைத்துக் கழுத்தில் போடுபவர், ‘என்னைப் பார்க்கும் இன்னொருவர் இதில் ஏதோ புரிந்துகொள்வார்’ என்று நம்புகிறார். ஓவியத்துக்கு வேண்டியதும் அந்த நம்பிக்கைதான்.

புள்ளி, ஏணி, கட்டம்னு போட்டிருக்காங்களே, அது எழுத்தா?

விலங்குகளைவிட இந்தக் குறிகள் எண்ணிக்கையில் அதிகம், படிக்கப்படுவதோ குறைவு. ஜெனீவீவ் வான் பெட்ஸிங்கர் என்ற ஆய்வாளர் ஐரோப்பியப் பனியுகக் குகைகளின் குறிகளைத் தொகுத்தபோது 32 வகைதான் வந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள், ஆனால் இவ்வளவு சிறிய பட்டியல். ஆகவே மனம்போன கீறல் அல்ல. எழுத்து என்றால் மொழியின் ஒலியைப் பிடிக்க வேண்டும், அதற்கு ஆதாரம் இல்லை. பொருள் உள்ள குறி என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நேர்ல போய்ப் பார்க்க முடியுமா? நகலைப் பார்த்து என்ன பிரயோஜனம்?

லாஸ்கோவை 1940-ல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்கள் மூச்சே எதிரியானது. கரியமில வாயு, வியர்வை ஈரம், விளக்கு வெளிச்சம் எல்லாம் சேர்ந்து சுவரில் பாசி பிடித்தது. 1963-ல் மூடினார்கள். 17,000 ஆண்டு தாங்கியது 15 ஆண்டில் ஆட்டம் கண்டது. ஷோவே அதனாலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. லாஸ்கோவுக்கு 1983-லும் 2016-லும், அல்தமீராவுக்கு 2001-லும், ஷோவேக்கு 2015-லும் பெரிய நகல்கள் வந்தன. சுவரின் மேடு பள்ளம்வரை அளந்து செய்தவை. போங்கள், தைரியமாகப் பாருங்கள்.

திறந்தவெளிப் பாறை ஓவியங்களைப் பல இடங்களில் நேரடியாகவே பார்க்கலாம். தொடாதீர்கள். படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். நீர் உலரும்போது உள்ளிருந்து உப்பு மேலே வந்து வண்ணத்தைப் பெயர்க்கும். சுலவேசி ஓவியங்கள் இன்று செதில் செதிலாக உதிர்வதற்கும் உப்புப் படிகமே காரணம். சாதாரணமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறங்களைப் பிரித்துக் காட்டும் டிஸ்ட்ரெட்ச் போன்ற மென்பொருளில் அதைப் போட்டால், கண்ணுக்கு வெறும் செங்கறையாகத் தெரிந்த இடத்தில் மானின் கொம்பு வரும்.

கடைசியா ஒரு கேள்வி: அவங்களுக்குக் ‘கலை’ன்னு ஒரு சொல்லே இருந்திருக்காது. நாம ஏன் அதைக் கலைன்னு சொல்லணும்?

நியாயமான கேள்வி, ஆய்வாளர்களிலேயே பலர் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். சட்டம் போட்டு மாட்டுவது, விற்பது, கையெழுத்திடுவது என்பதெல்லாம்தான் கலை என்றால் இவை கலை இல்லை. தமிழில் கலை என்ற சொல் அவ்வளவு குறுகியது அல்ல. அறுபத்துநான்கு கலைகள் என்று எண்ணியவர்கள் பூத் தொடுப்பதையும் சமைப்பதையும் சேர்த்தே எண்ணினார்கள். கற்று, பழகி, கருத்தோடு செய்வது கலை. அந்தப் பொருளில் தயக்கமின்றிச் சொல்லலாம். சடங்குக்காக வரைந்திருந்தாலும் பாடத்துக்காக வரைந்திருந்தாலும் அது மாறாது.

அல்தமீரா விதானத்தில் ஒரு பெண்மான் இருக்கிறது, இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். இப்போது நிமிர்ந்து நின்று பார்க்கும்படி தரையை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். வரைந்த காலத்தில் தரைக்கும் விதானத்துக்கும் இடையே பல இடங்களில் ஓர் ஆள் நிமிரவும் முடியாது. வரைந்தவர் குந்தியோ மல்லாந்தோ, கொழுப்பு விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைக்கு மிக அருகில் வரைந்திருக்கிறார். பின்வாங்கி நின்று பார்க்க இடமே இல்லை. மூக்கிலிருந்து பின்னங்கால்வரை அந்த மான் முழுவதையும் ஒரே பார்வையில் அவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்க முடியாது. அப்படியும் முதுகுக் கோடு ஒரே இழுப்பில் போகிறது.